கடலடியும் கரடியனாறும்

கரடியனாற்றில் கடல் இல்லை. செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்பிப் பதுளை வீதி வழியாகச் செல்வோர் வயல்களையும் வாய்க்கால்களையும் கடந்து காணும் படுவான்கரைக் கிராமம் அது. உறுகாமம் குளத்தை அண்டிய நிலம். நெல்லும் மாடும் அங்குள்ளோரின் வாழ்வு. ஆயினும் கிழக்குக் கரையின் கடலடியைப் பார்ப்பதற்கென்று கடல் கடந்து வரும் உல்லாசப் பயணிகளில் ஒரு சாரார் கரடியனாற்றைக் கடந்தே போகின்றனர். பாசிக்குடாவிலோ கல்லடியிலோ சுழியோடி முடித்தவர்கள் மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கும் எல்ல நகருக்கும் மலையேறுகின்ற பாதை இதுதான். வாகனக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கும் அவர்களுக்கு இவ்வூர் ஒரு வீதியோரம் மாத்திரமே. இந்த வீதிக்கும் அந்தக் கடலடிக்கும் இடையே உள்ள தொடர்பு பலரும் எண்ணுவதைவிட நெருக்கமானது என்பதால், அதனைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

வெப்பவலயத் தீவுகளுக்குச் சென்று பாய்மரப் படகோட்டுவதும், காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்து கடலுக்கடியில் உலவுவதும் இன்று பெரும் வருவாய் ஈட்டும் தொழிலாக வளர்ந்துள்ளன. எமது அயல்நாடான மாலைதீவு 1972 ஆம் ஆண்டில் முதலாவது உல்லாச விடுதியைத் திறந்தது. இன்று அந்நாட்டின் பொருளாதாரமே இத்துறையில் தங்கியுள்ளது. எமது கிழக்குக் கரையோ இப்பந்தயத்திற்குப் பிந்தி வந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கரையை அழித்தது. குடும்பிமலைப் பகுதியில் 2007 வரை யுத்தம் நீடித்தது. கடலில் இறங்குவதற்குப் பாதுகாப்புத் தரப்பின் அனுமதி தேவைப்பட்ட காலத்தில் சுழியோடுவதைப் பொழுதுபோக்காக எண்ணியவர் எவருமிலர். யுத்தம் ஓய்ந்த பின்னரே பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், அதனையடுத்து வந்த கொரோனாப் பெருந்தொற்று, 2022 இன் பொருளாதார நெருக்கடி என்று அவ்விடுதிகள் கண்ட இடர்களும் சில அல்ல.

இத்தனைக்கும் பின்னர் வெளிநாட்டுச் சுழியோடிகள் மட்டக்களப்பைத் தேடி வருவது ஏன் என்ற வினா எழலாம். அதற்கான விடை கல்லடிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தொலைவில், ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட உலகின் முதலாவது கப்பல் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் ‘ஹேர்மிஸ்’ அது. 1918 இல் கட்டத் தொடங்கப்பட்டு, 1919 இல் நீரில் இறக்கப்பட்ட இந்தப் பிரித்தானியக் கப்பலின் நீளம் 600 அடி.

1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த தாக்குதல் திருகோணமலை மீதே என்பதை உணர்ந்த பிரித்தானியக் கடற்படை, துறைமுகத்தில் நின்ற கப்பல்களை 8 ஆம் திகதி தெற்கு நோக்கி அனுப்பியது. ஹேர்மிஸ் புறப்பட்டபோது அதன் தளத்தில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று விமானமின்றிப் போர்க்கடலில் சென்றதை என்னென்று சொல்வது? மறுநாட் காலை திருகோணமலை தாக்கப்பட்டது. ஆபத்து நீங்கிவிட்டதெனக் கருதி வடக்கே திரும்பிக்கொண்டிருந்த ஹேர்மிஸை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் சூழ்ந்துகொண்டன. சில நிமிடங்களிலேயே கப்பல் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். உடன் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான ‘வம்பயர்’, ‘ஹொலிஹொக்’ என்ற காவற் கப்பல், ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’, ‘அதெல்ஸ்ரேன்’ என்ற எண்ணெய்க் கப்பல்கள் ஆகியனவும் அன்றே அழிந்தன. அவ்வழியாகச் சென்ற ‘வீற்றா’ என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ அறுநூறு பேரை நீரிலிருந்து மீட்டது. நீர்ப்பரப்புக்கு மேலே அடையாளம் எதுவுமில்லாத ஒரு பெரும் மயானம் மட்டக்களப்புக் கரைக்கு எதிரே இருக்கின்றது என்பதை எமது இளந்தலைமுறையினரில் எத்தனை பேர் அறிவர்?

மனிதன் தன் மூச்சுக்காற்றைத் தானே சுமந்துகொண்டு கடலடியில் நடமாடுவதற்குரிய நவீனக் கருவியைப் பிரான்ஸ் நாட்டவரான கூஸ்தோவும் கன்யானும் உருவாக்கியது 1943 இல், அதாவது ஹேர்மிஸ் மூழ்கிய மறு ஆண்டில். 1956 இல் இலங்கையில் குடியேறிய ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் இக்கருவியுடனேயே திருகோணமலைச் சுவாமிமலையின் அடிவாரக் கடலில் இறங்கினர். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் அவர்கள் அங்கே கண்டதையும், கடலிலிருந்து மீட்கப்பட்ட சிவலிங்கம் மீண்டும் கோயிலில் வைக்கப்பட்டதையும் கிழக்கு மாகாணத் தமிழர் அறிவர். கிழக்கின் கடலடியில் நம் வரலாறும் கிடக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனிச் சுழியோடலின் ஆபத்தை நோக்குவோம். இதனை விளங்கிக்கொள்ளாமல் இத்தொழிலின் எந்தப் பக்கத்தையும் விளங்கிக்கொள்ள இயலாது. கடலில் ஒவ்வொரு பத்து மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் மேலதிகமாக உடலை அழுத்துகின்றது. ஐம்பது மீற்றரில் அது கரையில் உள்ளதைப் போல ஆறு மடங்கு. மேற்பரப்பில் ஒரு மணி நேரம் போதுமான காற்று அங்கே பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைதரசன், அமுக்கம் கூடும்போது இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கின்றது. ஆழத்தில் அது மதுவைப் போன்ற மயக்கத்தைத் தருவதால், முடிவெடுக்க வேண்டிய கணத்தில் சுழியோடியின் அறிவு தடுமாறும். மேலே வரும்போதோ வேறோர் ஆபத்து. சோடாப் போத்தலைச் சட்டெனத் திறந்தால் நுரை பொங்குவதுபோல, விரைந்து மேலெழும் சுழியோடியின் இரத்தத்தில் நைதரசன் குமிழிகளாகப் பொங்குகின்றது. மூட்டுகளில் தாங்கொணா வலி ஏற்படும். குமிழி முள்ளந்தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கும். உயிரும் போகலாம்.

ஆகையாற்றான் புதிதாகக் கற்றவர் 18 மீற்றர் வரையிலும், மேலதிகப் பயிற்சி பெற்ற பொழுதுபோக்குச் சுழியோடிகள் 40 மீற்றர் வரையிலுமே இறங்கலாம் என்ற வரையறை உலகெங்கும் பின்பற்றப்படுகின்றது. ஹேர்மிஸ் இந்த எல்லைக்கு அப்பால் உள்ளது. அதனை முழுமையாகக் காண விரும்புவோர் ஹீலியம் கலந்த காற்றும் மணிக்கணக்கான திட்டமிடலும் நீண்ட அனுபவமும் உடையவர்களாதல் வேண்டும். ஏனையோருக்குக் கல்குடாவுக்கு அப்பால் ஏறத்தாழ இருபத்தைந்து மீற்றர் ஆழத்தில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் போதும். பணம் கொடுத்தால் எவரையும் எந்த ஆழத்துக்கும் அழைத்துச் செல்லலாம் என்று எண்ணும் படகுக்காரர் எவரேனும் இருந்தால், அவர் தன் தொழிலுக்கும் குழி தோண்டுகின்றார்.

இவ்வளவு எச்சரிக்கையும் வெளிநாட்டவருக்கு மாத்திரம் உரியதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. அதே காற்றுச் சிலிண்டரைச் சுமந்து அதே கடலில் இறங்கும் இன்னொரு கூட்டத்தினர் நம்மிடையே உள்ளனர். கடலட்டையும் சங்கும் எடுக்கும் சுழியோடிகளே அவர்கள். கடலட்டையை இங்கே எவரும் உண்பதில்லை. அது சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றது. ஆழங்குறைந்த இடங்களில் அட்டை அருகிப்போக, தொழிலாளர் மேலும் மேலும் ஆழத்துக்குச் செல்ல நேர்ந்தது. உல்லாசப் பயணி நாளொன்றுக்கு இருமுறை மூழ்குவார். அவரது கையில் ஆழத்தையும் நேரத்தையும் கணித்துச் சொல்லும் கருவி கட்டப்பட்டிருக்கும். அட்டைத் தொழிலாளியோ சிலிண்டர் மேல் சிலிண்டராக மாற்றி இறங்குவார். கணிப்பதற்கு அவரிடம் உள்ளது பழக்கம் ஒன்றே. வலி கண்டால் மறுபடி நீருக்குள் இறக்கிவிடுவது என்ற வழக்கம் பல நாடுகளின் மீனவச் சுழியோடிகளிடையே உண்டு. அது வலியைச் சிறிது தணிப்பதுபோலத் தோன்றினாலும், உரிய ஒழுங்கின்றிச் செய்யும்போது நிலைமையை மோசமாக்கவே கூடும். கால் விளங்காமற் போன இளம் குடும்பஸ்தர்கள் எமது கரையோரங்களில் உள்ளனர். அவர்களுக்கு நேர்ந்தது விதி என்று கிராமம் சொல்கின்றது. அது விதியன்று. ஹால்டேன் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி 1908 ஆம் ஆண்டிலேயே அட்டவணை போட்டுத் தடுத்துக் காட்டிய நோய் அது.

மூழ்குவது தமிழருக்குப் புதிய தொழிலும் அன்று. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பில் கல்லைக் காலிற் கட்டி இறங்கியோர் நம் முன்னோரே. மேலே கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் வேண்டும், தங்கையின் தாலியை எண்ணியேனும் அவன் கண்ணயரமாட்டான் என்று பெரியோர் சொல்வதுண்டு. இக்காலச் சுழியோடற் பாடசாலைகள் ‘துணையின்றி இறங்காதே’ என்று முதலாம் நாளிலேயே போதிப்பதும் இதனைத்தான். இப்படியொரு மரபில் வந்தவர்களுக்கு அட்டவணையும் கணிப்புக் கருவியும் எட்டாப் பொருளாயிருப்பது பெரும் முரண்.

இவ்விடத்தில் கரடியனாறு மீண்டும் வருகின்றது. காலையிற் சுழியோடிவிட்டு மாலையிலேயே மலைநாட்டுக்கு ஏறும் பயணிக்கு நைதரசன் ஆபத்து கரையேறியதும் தீர்ந்துவிடுவதில்லை. உயரம் கூடக் கூட வளிமண்டல அமுக்கம் குறையும். உடலில் எஞ்சியுள்ள நைதரசன் அப்போது குமிழியாகலாம். விமானப் பயணத்துக்கு முன் ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்குமாறு சுழியோடற் பாதுகாப்பு அமைப்புகள் கூறுகின்றன. இதே எச்சரிக்கை ஏறத்தாழ 600 மீற்றருக்கு மேற்பட்ட மலைகளுக்கும் பொருந்தும். பதுளை அந்த உயரத்தைத் தாண்டிய நகர். எல்ல ஆயிரம் மீற்றரைத் தாண்டியது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். விமானம் ஏறுமுன் காத்திருக்க வேண்டும் என்பதை அறிந்த பயணிகள்கூட, வாகனத்தில் மலையேறுவதும் அத்தகையதே என்பதை மறந்துவிடுகின்றனர். அவர்களை ஏற்றிச் செல்லும் எமது சாரதிகளுக்கு இதனை எவரும் சொல்லிக்கொடுத்ததாகவும் தெரியவில்லை. செங்கலடிச் சந்தியில் இதைக் கூறும் அறிவித்தற் பலகையொன்றை நிறுத்துவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை.

கரடியனாற்றைக் கடலோடு பிணைக்கும் மற்றொன்று நீர். மேற்கே பெய்யும் மாரிமழை முந்தனையாறாகவும் சிற்றாறுகளாகவும் படுவான்கரை வயல்களினூடே ஓடி வாவியைச் சேர்ந்து, முகத்துவாரம் வெட்டப்பட்டதும் கடலில் விழுகின்றது. அந்நீர் வண்டலையும், பெரும்போகத்தில் இறைத்த உரத்தின் மிச்சத்தையும், களைகொல்லியையும் சுமந்தே செல்கின்றது. முருகைக்கல் என்று நாம் கல்லாக வழங்குவது உயிருள்ள சிற்றுயிர்களின் கூட்டம். தெளிந்த நீரும் சூரிய ஒளியும் இன்றி அது வாழாது. வண்டல் படிந்தால் மூச்சுத் திணறும். உரம் கலந்தால் பாசி செழித்து அதனை மூடிவிடும். கரடியனாற்றுப் பகுதியில் ஆற்று மணல் சட்டவிரோதமாக அகழப்படுவதாக அடிக்கடி செய்திகள் வருவதை வாசகர்கள் அறிவர். கரை இடிந்த ஆறு அதிக வண்டலைக் கொண்டுவரும். காயான்கேணி முருகைக்கற் பாறைத்தொடர் 2019 இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் சரணாலயத்தின் எல்லையைக் கடலில் மட்டும் வரைந்துவிட்டு, அக்கரையோரக் கடலுக்கு வந்து சேரும் ஆறுகளை மறந்துவிட்டால் அப்பிரகடனம் கடதாசியிலேயே நிற்கும்.

கடல்நீர் வெப்பமடைந்து முருகைகள் வெளிறிப்போகும் கொடுமை 1998 முதல் இந்துசமுத்திரத்தில் மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது. அதனை மட்டக்களப்பில் இருந்துகொண்டு தடுத்தல் இயலாது. நம்மால் இயன்றது, வெப்பத்தால் நலிந்த பாறையை மிதித்து உடைக்காமல் விடுவது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் அங்கே குவிந்த கூட்டம், இடுப்பளவு நீரில் முருகையின் மேல் நின்று படம் எடுத்த காட்சியைக் கண்டு வருந்தாத இயற்கை ஆர்வலர் இல்லை. தாய்லாந்து அரசாங்கம் மாயா குடாவை 2018 இல் மூடி, 2022 வரை ஆறவிட்டுப் பின்னரே திறந்தது. வருவாயை இழந்தும் அதனைச் செய்தது. பாசிக்குடாவுக்கோ புறாத்தீவுக்கோ அப்படியொரு முடிவை எடுக்கும் துணிவு எமது அதிகாரிகளுக்கு உண்டா என்பது ஐயத்துக்குரியது.

மூழ்கிய கப்பல்களின் காவல் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். நீருக்கடியிலுள்ள பண்பாட்டு மரபுரிமை பற்றிய யுனெஸ்கோவின் 2001 ஆம் ஆண்டுச் சமவாயம், நூறாண்டுகளுக்குக் குறையாமல் நீரில் கிடந்தவற்றையே மரபுரிமையாக வரையறுக்கின்றது. ஹேர்மிஸ் அந்த வயதை எட்டுவது 2042 இல். அதுவரை என்ன ஆகும்? அதே 1942 இல் ஜாவாக் கடலில் மூழ்கிய ஒல்லாந்த, பிரித்தானியப் போர்க்கப்பல்கள் சில, பழைய இரும்புக்காக அடியோடு அள்ளிச் செல்லப்பட்டுவிட்டன என்பது 2016 இல் தெரியவந்தது. உள்ளே இருந்த எலும்புகளும் சேர்ந்தே போயின. பசுபிக்கிலுள்ள சூக் தீவுகளில் 1944 இல் மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானியக் கப்பல்களைப் பார்ப்பதற்கு அனுமதிச்சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் அவசியம். கப்பலுக்குக் காவலும் ஊராருக்கு ஊதியமும் அதனால் ஒருங்கே கிடைக்கின்றன. மட்டக்களப்பில் இதனைப் பின்பற்றத் தடை எதுவும் இருப்பதாக நாம் கருதவில்லை.

பாய்மரப் படகோட்டலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எமது துறைகளில் அது இன்னும் வேரூன்றவில்லை. வெள்ளைக்காரர் பாய் விரிப்பதை வேடிக்கை பார்க்கும் இனமாக நாம் என்றும் இருந்ததில்லை என்பதை மட்டும் நினைவூட்டலாம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’யை, உலகைச் சுற்றிய அமெரிக்கப் பாய்மரப் பயணி றொபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையில் சேர்த்தனர். மட்டக்களப்பு வாவியோ ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் அமைதியான நீர்ப்பரப்பு. பாயும் துடுப்பும் பழகுவதற்கு அதைவிடச் சிறந்த இடம் அரிது. நிலவு நாட்களில் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன்பாடும் ஓசையைக் கேட்கும் வாவி இது. இதில் இரையும் இயந்திர விளையாட்டுப் படகுகளைக் கொண்டுவந்து விடுவது எந்த வகை அபிவிருத்தி என்று எமக்கு விளங்கவில்லை.

தொழில்வாய்ப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் விடுதிகள் தரும் வேலைகளே கணக்கில் வருகின்றன. சிலிண்டர் சுமப்பதும் படகைத் தள்ளுவதும் அறையைக் கூட்டுவதும் ஊரவருக்கு. பயிற்றுநர் பதவியும் அதற்குரிய சம்பளமும் வெளியாருக்கு என்ற நிலை நீடிக்குமாயின், கடலில் பாரம்பரியமாகத் தொழில் செய்தோர் படகுத்துறையையும் கரைவலைப்பாட்டையும் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? உழவருக்குப் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்த அரசு கரடியனாற்றில் விவசாயப் பயிற்சி நிலையத்தை அமைத்தது. சுழியோடுவோருக்கும் அவ்வாறே செய்யவேண்டும். சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் நிலையம் உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. கடற்றொழில் திணைக்களம் சுழியோடும் அனுமதிப்பத்திரம் வழங்கும்போது, தமிழில் நடத்தப்படும் பாதுகாப்புப் பயிற்சி ஒன்றை நிபந்தனையாக்கலாம். கட்டணம் வேண்டாம். அட்டைத் தொழிலாளியும், வழிகாட்டியாக விரும்பும் கரையோரத் தமிழ், முஸ்லிம் இளைஞரும், மத்திய கிழக்குக்குப் போக ஏஜென்சிக்குப் பணம் தேடும் படுவான்கரைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமரட்டும்.

வாடை ஓய்ந்து கடல் அடங்கும் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையான காலமே இக்கரையில் சுழியோடும் பருவம். அதற்கு முன்னதாகச் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்றுண்டு. குமிழி நோய்க்கான உயர் அமுக்கச் சிகிச்சைக் கூடம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ளது. அங்கே சேரும்வரை நோயாளிக்கு முதலுதவி தூய ஒட்சிசன். கரையோரத்தின் எல்லா வைத்தியசாலைகளிலும், பதுளை வீதியிலுள்ள கரடியனாறு வைத்தியசாலையிலும் இதற்கான ஏற்பாடும் தொலைபேசி இலக்கமும் தயாராக இருத்தல் வேண்டும். மூட்டுவலி என்றோ கால் விறைப்பு என்றோ ஒருவர் வந்து நின்றால், அவர் வெளிநாட்டவரானாலும் நம்மூர் அட்டைத் தொழிலாளியானாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “கடைசியாக எப்போது கடலில் மூழ்கினீர்கள்?” என்பதே.